வெறுப்புக்குக் கிளை திறந்த ஊர்கள்: கிளான் வரைபடம் பற்றிய மதிப்புரை

அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் உள்ள வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் நூலகம், வரலாற்றாசிரியர் ஜான் நீபோனின் ஆய்வைக் கொண்டு உருவாக்கி 2015இல் இணையத்தில் வெளியிட்ட வரைபடம் ஒன்று, கு கிளக்ஸ் கிளான் என்னும் இனவெறி இயக்கம் 1915 முதல் 1940 வரை அந்நாட்டில் எங்கெல்லாம் கிளை பரப்பியது என்பதைக் காட்டுகிறது. கட்டணம் கிடையாது, யாரும் திறந்து பார்க்கலாம். ஒரு கிளைக்கு ஒரு சிவப்புப் புள்ளி என்ற கணக்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் அதில் உள்ளன. ஆண்டுகள் நகர நகர அவை பெருகிக்கொண்டே போகின்றன. இனவெறிக் குழுக்களுக்கு மக்கள் ஆதரவு எப்படிச் சேர்கிறது, எப்படிக் கரைகிறது என்று கேட்டு இந்தத் தளத்துக்கு வருபவருக்கு, கேள்வியின் முதல் பாதிக்கு இது சிறந்த வழிகாட்டி. இரண்டாம் பாதிக்கு இது மட்டும் போதாது.

முதலில் கவனிக்க வேண்டியவை, ஏறக்குறைய எதுவுமே நடக்காத தொடக்க ஆண்டுகள். உள்நாட்டுப் போருக்குப் பின் தோன்றிய முதல் கிளானை 1870, 1871 ஆண்டுகளின் கூட்டாட்சிச் சட்டங்களும் அதிபர் கிராண்ட் அனுப்பிய படைகளும் ஒடுக்கியிருந்தன. வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் 1915 நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் குன்றின் மேல் சிலுவையை எரித்து அதற்கு மறுபிறப்பு கொடுத்தார். சூழல் அவருக்குச் சாதகமாகவே இருந்தது. முதல் கிளானை வீரர் கூட்டமாகச் சித்திரித்த ஒரு மௌனப் படம் அதே ஆண்டில் நாடெங்கும் ஓடியது. லியோ ஃபிராங்க் என்ற யூதத் தொழிற்சாலை மேலாளரை ஒரு கும்பல் சிறையிலிருந்து கடத்திச் சென்று தூக்கிலிட்டதும் அதே ஆண்டில், அதே மாநிலத்தில்தான். 1919இல் சிகாகோ, வாஷிங்டன் உள்ளிட்ட நகரங்களில் கறுப்பின மக்கள் மீது கொடிய தாக்குதல்கள் நடந்தன. ஆக, வெறுப்புக்குப் பஞ்சமே இல்லாத ஐந்து ஆண்டுகள் அவை. இருந்தும் 1920 தொடக்கத்தில் சிம்மன்ஸின் அமைப்பில் ஜார்ஜியாவையும் அலபாமாவையும் சேர்ந்த சில ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். வரைபடத்தின் இந்த வெறுமையை அவசரப்பட்டுத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது. சமூகத்தில் வெறுப்பு நிறைந்திருப்பது வேறு, அந்த வெறுப்பு ஒரு குழுவுக்கு ஆதரவாக மாறுவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்து வரும் ஆண்டுகளில் புள்ளிகள் வெடித்துப் பரவுகின்றன. ஏன் என்ற காரணத்தை வரைபடம் தானாகச் சொல்லாது. அதைப் பார்ப்பவர் அறிந்து வர வேண்டும். 1920 ஜூன் மாதத்தில் எட்வர்ட் யங் கிளார்க், எலிசபெத் டைலர் என்ற இரு விளம்பரத் தொழில்முறையாளர்களுடன் சிம்மன்ஸ் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். உறுப்பினராகச் சேர 10 டாலர் கட்டணம். அதில் 4 டாலர் ஆளைச் சேர்த்துவிட்டவருக்கு. 1 டாலர் மாநிலப் பொறுப்பாளருக்கு. அவருக்கு மேலே இருந்த வட்டாரப் பொறுப்பாளருக்கு 50 சென்ட். மீதியைக் கிளார்க்-டைலர் இணையும் தலைமையகமும் பிரித்துக்கொண்டன. அங்கி, முகமூடி விற்பனையும் தலைமைக்கு வருமானம் தந்தது. நாடு முழுவதும் தரகு முறையில் ஊர் ஊராகச் சென்ற ஆள் சேர்ப்பவர்களுக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றுதான்: அந்தந்த ஊர்க்காரர்களை எது அச்சுறுத்துகிறதோ அதையே பேசு. மேற்குக் கடற்கரையில் ஜப்பானியர், டெக்சாஸில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், மெய்ன் மாநிலத்தில் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர், தொழில் நகரங்களில் யூதர்களும் தென் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களும், எங்கும் கறுப்பின மக்கள் என்று எதிரிகளின் பட்டியல் ஊருக்கு ஊர் மாறியது. மதுவிலக்குச் சட்டம் ஊருக்குள் அமலாகவில்லையே என்ற ஆத்திரம் இருந்த இடத்தில் கள்ளச்சாராயக்காரன் எதிரியானான். மெய்னிலிருந்து ஓரிகன் வரை புள்ளிகள் விழுந்திருப்பதைக் காணும்போது, ஒரே கொள்கை நாடெங்கும் பரவியதாக நினைக்கத் தோன்றும். பரவியது ஒரே விற்பனை முறை. ஒவ்வோர் ஊரிலும் அது விற்றது அந்த ஊரின் அச்சத்தை.

இந்தத் தளத்தின் பெரிய நன்மை, கிளான் என்றாலே தென் மாநிலக் கிராமத்து ஏழை வெள்ளையர்களின் கூட்டம் என்று பரவலாக நிலவும் எண்ணத்தை அது உடைப்பது. இண்டியானா, ஒஹாயோ, பென்சில்வேனியா ஆகிய வட மாநிலங்களின் மீது வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இண்டியானாவில் புள்ளி இல்லாத இடத்தைத் தேடத்தான் வேண்டியிருக்கும். அந்த மாநிலத்தில் மட்டும் இரண்டரை லட்சம் ஆண்கள் வரை சேர்ந்திருந்ததாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். உள்நாட்டில் பிறந்த வெள்ளை ஆண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர். கிடைத்திருக்கும் உறுப்பினர் பட்டியல்களை ஆராய்ந்தவர்கள், அவர்களில் கடைக்காரர்கள், எழுத்தர்கள், பல் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், போதகர்கள் என்று நடுத்தர வர்க்கத்தினர் மிகுதியாக இருந்ததைக் கண்டார்கள். வேலையில்லாத் திண்டாட்டம்தான் இனவெறிக்கு ஆள் சேர்க்கிறது என்ற எளிய விளக்கம் இங்கே நிற்பதில்லை. கிளான் உச்சத்தைத் தொட்டது 1930களின் பெருமந்தத்தில் அல்ல, 1920களின் செழிப்பில்.

அப்படியானால் அந்தக் கடைக்காரரும் பல் மருத்துவரும் ஏன் சேர்ந்தார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமையை நெருங்கிப் பார்த்தால் விளங்கும். புராட்டஸ்டன்ட் தேவாலயம் ஒன்றில் வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது, வெள்ளை அங்கி அணிந்த சிலர் வரிசையாக உள்ளே நடந்து வந்து, பணம் நிரம்பிய உறையைப் போதகர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறுவார்கள். இது பல ஊர்களில் திட்டமிட்டுச் செய்யப்பட்ட விளம்பரம். போதகர்களுக்கு உறுப்பினர் கட்டணம் தள்ளுபடி. மறுநாள் கடைத்தெருவில், நூறு சதவீத அமெரிக்கர் நடத்தும் கடை என்பதைக் குறிக்கும் அட்டைகள் சன்னல்களில் தொங்கும். அட்டை இல்லாத யூதரின் கடையும் கத்தோலிக்கரின் கடையும் வாடிக்கையாளர்களை இழக்கும். கோடைக்காலத்தில் குடும்பத்தோடு உண்டு மகிழும் திடல் விழா, இசைக்குழு, வாணவேடிக்கை. 1923 ஜூலை 4 அன்று இண்டியானாவின் கோகோமோ நகரில் நடந்த விழாவுக்குப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அதே ஆண்டு பெண்களுக்கான தனிக் கிளான் ஆர்க்கன்சாஸின் லிட்டில் ராக் நகரில் தொடங்கப்பட்டது. யார் கடையில் வாங்கக் கூடாது, எந்த ஆசிரியை கத்தோலிக்கர் என்ற செய்திகளை வீடு வீடாகக் கடத்திய வேலையில் பெண்களின் பங்கு பெரிது. நாலு பேர் மதிக்கும் மனிதர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். சேர்ந்தவருக்கு வியாபாரம் பெருகியது, தேர்தலில் வாக்குக் கிடைத்தது. சேராதவர் சந்தேகத்துக்கு உள்ளானார். ஆதரவின் வேர் இந்த ஊர் மரியாதையில்தான் இருந்தது என்பது என் துணிபு. கிளானின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஒருசேர விளக்குவது அதுவே.

பத்திரிகைகள் அம்பலப்படுத்தினால் போதும் என்று நம்புகிறவர்கள் 1921ஆம் ஆண்டின் மீது சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழ் மூன்று வாரங்கள் தொடர்ந்து கிளானின் வன்முறைகளையும் பணக் கணக்கையும் வெளியிட்டது; வேறு பல நாளிதழ்களும் அதை மறுபதிப்புச் செய்தன; அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு சிம்மன்ஸை அழைத்து விசாரித்தது. அந்தத் தொடருக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆனால் உறுப்பினர் எண்ணிக்கை ஏறியது. கிளானைப் பற்றிக் கேள்விப்பட்டிராத ஊர்களுக்கும் அதன் பெயர் போய்ச் சேர்ந்தது. எடுத்துக்காட்டுக்காக அச்சிடப்பட்ட விண்ணப்பப் படிவத்தையே வெட்டி நிரப்பி அனுப்பியவர்களும் உண்டு. நியூயார்க் பத்திரிகையும் வாஷிங்டன் அரசியல்வாதிகளும் திட்டுகிறார்கள் என்பதே சிற்றூர்களில் ஒரு தகுதியாகிவிட்டது. வரைபடத்தில் 1921க்கும் 1924க்கும் இடையே நிகழும் பெருக்கத்தை இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான், வெளியிலிருந்து வரும் கண்டனம் தானாகவே ஆதரவைக் குறைத்துவிடாது என்பது மனத்தில் பதியும்.

ஓக்லஹோமா கற்றுத்தருவதும் இதற்கு நெருக்கமானது. 1921இல் டல்சா நகரின் கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட படுகொலைக்குப் பிறகு அங்கே கிளான் ஓங்கி வளர்ந்தது. அதை ஒடுக்க முனைந்த ஆளுநர் ஜாக் வால்டன் 1923இல் மாநிலம் முழுவதும் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அவர் தொட முயன்ற எதிரியைவிட அவருடைய அதிகார மீறலே பெரிய குற்றமாகப் பேசப்பட்டது; அந்த நவம்பரிலேயே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நோக்கம் சரியாக இருந்தும், சட்டத்தை மீறிய வழி கிளானுக்குத் தியாகி வேடம் போட்டுக்கொள்ள வாய்ப்பளித்தது.

இனி, இந்தத் தளத்தின் குறைகள். முதல் குறை ஆதாரங்களின் இயல்பிலிருந்து வருவது. கிளைகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் கிளானே நடத்திய, அல்லது அதற்கு அனுசரணையாக இருந்த செய்தித்தாள்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு தரவும் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் தெரிவித்திருப்பது பாராட்டத்தக்கது. இந்த நேர்மைதான் தளத்தை ஆய்வுக் கருவியாக உயர்த்துகிறது. ஆனால் அந்தத் தாள்கள் தங்கள் வளர்ச்சியைப் பெருமையடித்துக்கொள்வதற்காகவே அச்சிடப்பட்டவை. ஒரு கிளை இருந்தது என்பதற்கு அவை நல்ல சான்று. அது எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு அல்ல. இருபது பேர் கூடிய அறையும் இருபதாயிரம் பேர் சேர்ந்த நகரமும் வரைபடத்தில் ஒரே மாதிரிப் புள்ளிகளாகவே தெரிகின்றன.

இரண்டாவது குறை கனமானது. ஒரு புள்ளி, அந்த ஊரில் கிளை இருந்ததற்கு எப்போது ஆவணம் கிடைக்கிறது என்பதைச் சொல்கிறது. கிளை எப்போது கலைந்தது என்பதைச் சொல்வதில்லை. கலைப்புகள் செய்தித்தாளில் அறிவிக்கப்படுவதில்லை என்பதால் இது தொகுத்தவர்களின் கவனக்குறைவு அல்ல. ஆயினும் விளைவு என்னவென்றால், 1920களின் நடுவில் இருபது லட்சத்திலிருந்து ஐம்பது லட்சம் வரை என மதிப்பிடப்படும் உறுப்பினர் எண்ணிக்கை 1930 வாக்கில் சில பத்தாயிரங்களாகச் சுருங்கியதை இந்த வரைபடத்தில் காண முடியாது. ஏறுமுகம் மட்டும் கண்ணுக்குத் தெரிவதால், அவசரமாகப் பார்ப்பவர் இப்படிப்பட்ட இயக்கங்கள் வளரவே செய்யும் என்ற சோர்வோடு வெளியேறக்கூடும். ஆகவே வீழ்ச்சியின் கதையைத் துணைக்கு வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அந்தக் கதையின் நடுவில் நிற்பது இண்டியானா. அம்மாநிலக் கிளானின் தலைவன் டேவிட் ஸ்டீஃபன்சன் மதுவிலக்கையும் பெண்களின் கற்பையும் காக்கும் காவலனாக மேடைதோறும் முழங்கியவன். 1924 தேர்தலில் தனக்கு வேண்டிய எட்வர்ட் ஜாக்சனை ஆளுநராக்கியவன். 1925 மார்ச்சில் அவன் மேட்ஜ் ஓபர்ஹோல்ட்சர் என்ற இளம் அரசு ஊழியரைக் கடத்திச் சென்று கொடூரமாகப் பாலியல் வன்முறை செய்தான். அவர் நஞ்சருந்தினார், அவன் மருத்துவரிடம் கொண்டுசெல்ல மறுத்தான், ஏப்ரலில் அவர் இறந்தார். இறப்பதற்கு முன் அவர் அளித்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. நவம்பரில் ஸ்டீஃபன்சனுக்கு ஆயுள் தண்டனை. தான் கைதூக்கிவிட்ட ஆளுநர் மன்னிப்பு வழங்கவில்லை என்ற கோபத்தில் அவன் தன்னிடம் கையூட்டுப் பெற்றவர்களின் விவரங்களை வெளியிட, 'இண்டியானாபொலிஸ் டைம்ஸ்' அதைத் தொடர்ந்து எழுதியது. இண்டியானாபொலிஸ் நகர மேயர் சிறை சென்றார், ஆளுநர் வழக்குத் தொடரும் காலக்கெடு கடந்துவிட்டதால் மட்டுமே தப்பினார். வேலியே பயிரை மேய்ந்ததைக் கண்ட மாநிலத்தில் உறுப்பினர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். அவர்கள் கறுப்பின மக்களையோ கத்தோலிக்கரையோ திடீரென நேசிக்கத் தொடங்கியதால் விலகவில்லை. அந்தப் பெயரோடு சேர்ந்து தெருவில் நடப்பது வெட்கமாகிப்போனதால் விலகினார்கள். 1921இல் நியூயார்க் நாளிதழால் முடியாததை நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணின் மரண வாக்குமூலமும், உள்ளூர் நீதிமன்றமும், உள்ளூர் நாளிதழும் செய்தன. ஊருக்குள்ளிருந்து எழுந்த குரல் என்பதுதான் வேறுபாடு.

முகமூடியைக் கழற்றியதும் அதே வகையில்தான் வேலை செய்தது. சிகாகோவில் கத்தோலிக்கர்கள் முன்னின்று தொடங்கிய 'டாலரன்ஸ்' என்ற வார இதழ், கிளான் உறுப்பினர்களின் பெயர்களையும் தொழில்களையும் அச்சிட்டது. பெயர் வெளிவந்த வணிகர்கள் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். ஆனால் சூயிங்கம் தொழிலதிபர் வில்லியம் ரிக்லியையும் போலி விண்ணப்பம் ஒன்றை நம்பி அது உறுப்பினராக அறிவித்தது. அவர் வழக்குத் தொடுத்தார், இதழின் நம்பகத்தன்மை சரிந்தது. நியூயார்க் மாநிலம் 1923இல் இத்தகைய அமைப்புகள் உறுப்பினர் பட்டியலை அரசிடம் ஒப்படைக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது; 1928இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இண்டியானாவின் மன்சி நகரில் ஜார்ஜ் டேல் என்ற பத்திரிகையாசிரியர் தாக்குதலையும் வழக்குகளையும் தாங்கிக்கொண்டு எழுதிவந்தார். 1929இல் அதே நகரம் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. கிளான் ஆதரவோடு 1922இல் ஓரிகனில் நிறைவேறிய, கத்தோலிக்கப் பள்ளிகளை முடக்கும் சட்டம் செல்லாது என்று 1925இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குறுதிகள் நிறைவேறாததும், தலைமைக்குள் பணத்துக்காக நடந்த வழக்குகளும் எஞ்சியவர்களைச் சலிப்படையச் செய்தன.

சொல்லச் சங்கடமான ஒரு காரணமும் உண்டு. இந்த வரைபடத்தைப் பாராட்டி எழுதப்படுபவற்றில் இதற்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1924 மே மாதத்தில் நிறைவேறிய குடியேற்றச் சட்டம், தென், கிழக்கு ஐரோப்பியரின் வருகையை நாட்டுவாரி ஒதுக்கீட்டால் சுருக்கி, ஆசியர்களின் குடியேற்றத்தை அநேகமாக முழுவதும் தடுத்தது. கிளான் உரக்கக் கேட்டதை, கிளானில் இல்லாத நாகரிகமான மனிதர்களும் கேட்டார்கள், நாடாளுமன்றம் வழங்கியது. கோரிக்கை சட்டமான பிறகு அங்கிக்குத் தேவை குறைந்தது. அந்த ஒதுக்கீட்டு முறை 1965 வரை நீடித்தது. ஒரு குழுவின் ஆதரவு சரிவதும் அதன் கருத்துகள் தோற்பதும் ஒன்றல்ல. உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் அளந்தால் இந்த வேறுபாடு தப்பிவிடும்.

மேம்படுத்த வேண்டும் என்றால் மூன்று வசதிகளைக் கேட்பேன். கிளையின் கடைசி ஆவணம் எந்த ஆண்டுக்குரியது என்பது தெரிய வேண்டும். அதைக் கொண்டு மங்கும் புள்ளிகளை உருவாக்க முடியும். உறுப்பினர் பட்டியல் கிடைத்துள்ள ஊர்களில் எண்ணிக்கையைத் தனியே குறிக்கலாம். இவற்றைவிட முக்கியமாக, சவுக்கடிக்கும் கடத்தலுக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானவர்களின் பதிவுகளும், எதிர்த்து நின்ற உள்ளூர் அமைப்புகளும் அதே வரைபடத்தில் வேறு நிறத்தில் இடம்பெற வேண்டும். கிளானின் சொந்த வாய்மொழியால் மட்டுமே வரையப்பட்ட நாட்டில், அதன் கையால் அடிபட்டவர்கள் எங்கும் தென்படுவதில்லை.

இத்தனை குறைகளுக்குப் பிறகும், வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், இன்றைய வெறுப்பு அமைப்புகளைக் கவனித்து எழுதும் செய்தியாளர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வகுப்பில் பயன்படுத்துவோர் முழு வரைபடத்தையும் ஒரேயடியாக ஓடவிடாமல், 1920, 1922, 1924 என மூன்று இடங்களில் நிறுத்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊரின் செய்தித்தாள் தொகுப்பில் அக்காலத்தில் எது பேசப்பட்டது என்று மாணவர்களைத் தேடவைத்தால் பயன் மிகும். வரைபடம் 1940இல் நின்றுவிடுகிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1944இல் 6,85,000 டாலருக்கு மேல் வரி பாக்கி கேட்டு அரசு நெருக்கியதால் அந்தத் தேசிய அமைப்பு கலைக்கப்பட்டதும், 1946இல் சாமுவேல் கிரீன் அதே ஸ்டோன் மவுண்டனில் மறுபடி சிலுவை எரித்ததும், 1960களில் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தை எதிர்த்துக் குண்டு வைத்த குழுக்களும் இதன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அவற்றைத் தேடுபவர் வேறு ஆவணங்களுக்குத்தான் போக வேண்டும்.